வாஷருக்கு ஒயர் கிடையாது

அப்பா மேட்டுப்பாளையத்தில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். குன்னூருக்கு ஏறி இறங்குவதே பிழைப்பு. 14 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவருக்கு, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல்கடை கீழே போனாலே வயிற்றைக் கலக்கிவிடும். உடனே ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுவார்.

அங்கிருந்த மெக்கானிக் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார், விடுவார், மறுபடி மிதிப்பார். "எப்படிங்ணா போகுது? ஒரேயடியா உள்ள போகுதா, மெல்ல எறங்குதா?" என்பார். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

முதல் மிதியில் கீழே போய், இரண்டு பம்ப் அடித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? ஷூ தேய்ந்திருக்கும், அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது, வெளியே எங்கும் ஆயில் ஒழுகவில்லை என்றால், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. வீலுக்குப் போக வேண்டிய அழுத்தம் வாஷர் ஓரமாகப் பின்னால் கசிகிறது. ஆளை ஏமாற்றுவது இந்த மூன்றாவதுதான். வேகமாக அடித்தால் வண்டி நின்றுவிடும். நீண்ட இறக்கத்தில் லேசாக அழுத்தியபடி வரும்போது கைவிட்டுவிடும்.

அந்தக் காலத்து வண்டியே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய அம்பாசிடரில் நான்கு வீலுக்கும் ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. மிச்சம் கியரும் கைப்பிரேக்கும்தான். இன்றைய மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனி லைன்கள். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். இதெல்லாம் எத்தனையோ உயிர்களைக் காக்கும் ஏற்பாடு.

ஆனால் என் பழைய காரின் பெடல் சிக்னலில் இறங்க ஆரம்பித்தபோது, பெரிய சர்வீஸ் சென்டரில் யாரும் சீட்டில் உட்காரவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். "எரர் எதுவும் காட்டல சார், பேடு மாத்திடலாம்" என்றார்கள். மாற்றியும் பெடல் இறங்கியது. அடுத்து ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொன்னார்கள். ஸ்கேனர் வீல் சென்சாரைப் படிக்கும், வால்வைப் படிக்கும். தேய்ந்த ரப்பர் வாஷருக்கு ஒயர் கிடையாதே, அதை எப்படிப் படிக்கும்? அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். மிதித்துப் பார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நேரமும் தரவில்லை.

காரமடைப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அந்த மெக்கானிக் உட்கார்ந்தார், மிதித்தபடி காத்திருந்தார், "மாஸ்டர் சிலிண்டர்ங்க" என்றார். அதை மாற்றி, நான்கு வீலுக்கும் போகும் பிரேக் லைனில் காற்றெடுத்ததும் சரியாகிவிட்டது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மலையேறும் முன் இதை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை பம்ப் அடியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தாழ்ந்தால், மிதிக்கு பலம் கூட்டும் பூஸ்டர் நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். அதன்பிறகும் இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்றும் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்குத் தர விதி கேட்கும் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் 140தான். இறக்கத்துச் சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே உள்ளே போகும்.

எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் சரி, எதையும் கழற்றும் முன் மெக்கானிக்கை சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.