35 நொட்

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். என் படகு 35 நொட் ஓடும். அதாவது மணிக்கு 65 கிலோமீற்றர். ஆகவே பாலமீன்மடு முகத்துவாரத்தில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு ஏறினால், தெற்கே கல்முனைப் பக்கம் போய் இறங்க ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்காது. விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறியவன் நான். இந்தக் கணக்கில் பிழை இல்லை. வாவிதான் ஒத்துழைப்பதில்லை. அதன் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர் அளவில்தான். அதிலும் கட்டுவலைக் கம்புகள், இறால் கூடுகள், அத்தாங்கோடு நடுத்தண்ணீரில் நிற்கிற மனுசர், மாரியில் ஆறுகள் கொண்டுவந்து தள்ளுகிற ஆற்றுவாழை என்று எல்லாவற்றையும் கழித்தால், 35 நொட்டில் ஓட எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்கிற எண்ணமும் இல்லை.

படகின் பூர்வீகம் மொரட்டுவை. அங்கே உள்ள பொல்கொட ஏரி கொழும்புக்காரரின் விளையாட்டுத் தண்ணீர். மோட்டார் யொட் கழகமும் அதன் கரையில்தான். நீர்ச்சறுக்கல், பாய்ப்படகு எல்லாம் அந்தப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காரியங்கள். எழுபதுகளில் வார்த்த பதினாறு அடி பைபர் உடம்பு. பின்னால் 85 குதிரைவலு அவுட்போட் எஞ்சின், நாலு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். எஞ்சினின் பெயரை எழுத மாட்டேன். செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இவ்வளவு காலம் வைத்திருக்கச் சொல்லி அவர்கள் யாரையும் கேட்கவுமில்லை.

இளைப்பாறும்போது கிடைத்த பணிக்கொடைக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. கூரைக்குப் புது ஓடு, கிணற்றுக்குக் கட்டு, குசினிக்கு மாபிள். அதில் படகு இல்லை. என்னைக் கேட்காமல் போட்ட பட்டியல் என்பதால் அதில் படகு இல்லாதது செல்லாது என்பது என் வாதம். வாதம் இன்னும் நடக்கிறது.

லொறியில் ஏற்றி ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை வழியாகக் கொண்டுவந்தோம். புனானைக் காட்டில் றோட்டோரம் நின்ற யானை ஒன்று படகை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டது. பொலிஸ்காரர் அப்படி விடவில்லை. மீன் பிடிக்கவா என்றார். இல்லை. ஆள் ஏற்றவா? இல்லை. அப்படியென்றால் என்னத்துக்கு? வேகமாகப் போக என்றேன். எங்கே போக என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பெண்சாதியும் இதையேதான் கேட்டாள். சிங்களத்தில் கேட்டபோது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

எங்கள் ஊரில் வேகப்படகுக்குச் சரித்திரம் உண்டு; பொழுதுபோக்குச் சரித்திரம் அல்ல. போர்க்காலத்தில் இந்தத் தண்ணீரில் வேகமாக ஓடியவை சண்டைக்காரரின் படகுகள்தான். மீன்பிடிக்கிறவனுக்கு எஞ்சினின் வலுவுக்கும் கட்டுப்பாடு, போகிற நேரத்துக்கும் கட்டுப்பாடு. பெரிய எஞ்சின் சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்க யாரும் கரைக்கு ஓடிவந்ததில்லை. என் மாமா எண்பதைத் தாண்டியவர். முதல்நாள் நான் எஞ்சினை முடுக்கியதும் திண்ணையிலிருந்து எழும்பி, செருப்பையும் வானொலிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“சண்டை முடிஞ்சு எவ்வளவு காலமாச்சு மாமா!” என்றேன் ஜன்னலால்.

“எனக்கு அது தெரியும் மருமகன். ஒங்கட எஞ்சினுக்குத் தெரியுமா?”

படகின் அடிப்பக்கம் ஆழமான வி வடிவம். அந்த வடிவத்தை வரைந்தவர் ரேமண்ட் ஹன்ட் என்ற அமெரிக்கர். அவர் வரைந்தபடி கட்டிய ‘மொப்பி’ என்ற படகோடு ரிச்சர்ட் பேர்ட்ரம் 1960இல் மியாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த போட்டியில் இறங்கி, கொந்தளித்துக் கிடந்த கடலில் முதலாவதாக வந்தார். அதற்குப் பிறகு கடலில் ஓடுகிற வேகப்படகு என்றால் அந்த அடிதான். தட்டையான அடி அலைமேல் அறைந்து விழும். வி அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட அதற்குக் கூடுதல் வலு வேண்டும். நின்றால் கூடுதல் ஆழம் வேண்டும். எங்கள் வாவியில் அலை இல்லை, ஆழமும் இல்லை. அலையை எதிர்பார்த்து, ஆழத்தை நம்பிச் செய்த படகு இது. இந்த வாவியை நன்றாகப் படித்த ஒருவர் வேண்டுமென்றே எதிர்மாறாக வரைந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திராது.

பழைய படகை வாங்குகிறவன் ஓடுவதற்கு வாங்குவதில்லை, திருத்துவதற்குத்தான் வாங்குகிறான் என்பது என் அபிப்பிராயம். எஞ்சின் மாட்டுகிற பின்பலகைக்குள் பைபரால் மூடிய பிளைவுட் இருக்கும். பழைய படகுகளில் அது ஊறி உக்கிப்போகும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பலகை கணீரென்னும், உக்கினது பொத்தென்னும். எங்களுடையது ஒரு சத்தமும் போடவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

வாழைச்சேனையிலிருந்து பைபர் பாஸ் ஒருவர் வந்து புதுப்பலகை வைத்து, பைபர் மட் விரித்து, ரெசின் ஊற்றினார். அந்தக் கிழமை அக்கம்பக்கத்துச் சோறு கறியெல்லாம் ரெசின் மணத்தது. புதுப்பலகையைத் தடிப்பாக வைத்ததால் பின்பாரம் கூடியது. பின்பாரம் கூடினால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் எதிரே வருகிற தோணி தெரியாது. ஆகவே பெற்றோல் தாங்கியை முன்னுக்குக் கொண்டுபோனோம். தாங்கி முன்னுக்குப் போனதும் குழாய் நீண்டது. குழாய் நீண்டதும் பம்பு இழுக்க மறுத்தது. பம்பைக் கழற்றியவர்கள் கார்புரேற்றரையும் பார்த்தார்கள். பார்த்த பிறகு கழுவாமல் விடலாமா? கழுவிப் பூட்டியபின் எஞ்சின் பற்றுவதில் சுணக்கம். பழைய பொயின்ற் முறையை எடுத்தெறிந்துவிட்டு இலத்திரன் பற்றவைப்பு வந்தது. இதெல்லாம் எதிலிருந்து தொடங்கியது என்று ஒருநாள் கேட்டேன். பைபர் பாஸ் யோசித்து, “பலகையில சேர்” என்றார். அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

கனடாவிலுள்ள மச்சான் தன் பங்குக்கு ஒரு ஸ்டெயின்லஸ் ஸ்டீல் காற்றாடி அனுப்பினார். அலுமினியம் வேகத்தில் வளையும், ஸ்டீல் வளையாது, இன்னும் மூன்று நொட் கிடைக்கும் என்று தொலைபேசியில் வகுப்பெடுத்தார். கல்லாற்று மெக்கானிக் அதைக் கையில் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, திரும்பச் சுற்றித் தந்துவிட்டார்.

“வீட்டுல அலுமாரிக்கு மேல வெய்ங்க சேர், வடிவா இரிக்கும். இஞ்ச அடி தட்டாம ஓடேலா. அலுமினியம் தட்டினா அலுமினியம் ஒடயும். இது தட்டினா இது ஒடயாது, கியர்பொக்ஸ் ஒடயும். எது மலிவு, நீங்களே சொல்லுங்க.”

படிப்பித்த காலத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் ஒரு பாடத்தையும் முடித்ததில்லை.

இந்த மெக்கானிக்குக்கு உலகத்தில் ஒரேயொரு எஞ்சின்தான் எஞ்சின்: மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்த முதல் மறுபடி பெற்றோலுக்கு வருகிற அந்த எஞ்சின்களை நம்பித்தான் இந்தக் கரையில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறார்கள். என் எஞ்சினைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அதன்மேல் இரக்கம் வரும். “இதையும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவமா சேர்? கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். ஆனா ஓடும்.” கடைசிச் சொல்லில் அவர் கொடுத்த அழுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவுட்போட் எஞ்சினுக்குக் குளிர்ச்சி தருவது அடியில் உள்ள ஒரு சின்ன றப்பர்ச் சக்கரம். தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். தண்ணீரோடு சேறும் மணலும் வந்தால் தேய்ந்துபோகும். எங்கள் வாவியில் தண்ணீர் எப்போதும் சேறும் மணலுமாகத்தான் வரும். மண்முனைப் பாலத்துக்குத் தெற்கே, எழுவான்கரையும் படுவான்கரையும் சரிசமமாகத் தூரத்தில் தெரிகிற ஓர் இடத்தில், எஞ்சின் சூடாகிக் கத்தி நின்றது. மச்சான் அனுப்பிய உயிர்காப்பு அங்கியில் ஒரு விசில் தொங்கும். ஊதினேன். தூரத்தில் அத்தாங்கு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நடந்துதான் வந்தார்; தண்ணீர் அவருக்கு இடுப்பளவு.

படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: “இது எவ்வளவு ஓடும் சேர்?”

“முப்பத்தஞ்சு நொட்.”

“ஆ” என்றார். இழுக்கத் தொடங்கினார்.

நானும் இறங்கித் தள்ளியிருக்கலாம்தான். ஆனால் வாவியில் முதலை இருக்கிறது. அவருக்கும் அது தெரியும்; அவர் முதலைக்கு அறிமுகமானவர், நான் புதியவன். கரை சேர்ந்ததும் காசு நீட்டினேன், வாங்கவில்லை. “மறுகாவும் நிண்டா ஊதுங்க” என்று சொல்லிவிட்டுத் தன் இறாலிடம் நடந்து போனார்.

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர், காதலி ஆசைப்பட்ட ஐஸ்கிறீமை வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில்தான் அவுட்போட் எஞ்சின் செய்யப் புறப்பட்டார் என்று கதை. 1909இல் விற்பனைக்கும் கொண்டுவந்தார். துடுப்பை ஒழிக்க வந்த பொறி அது. என் படகில் மிக அதிகமாக உழைத்த பாகம் எதுவென்று கேட்டால் துடுப்பு என்றுதான் சொல்லவேண்டும். அதை மட்டும் நான் இதுவரை திருத்தவில்லை; அது பழுதானதே இல்லை.

துடுப்புக்கு எங்கள் ஊரில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில், பூரணை இரவுகளில், ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும். அருட்தந்தை லாங் என்ற இயேசு சபைத் துறவி அதைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பும் ஆகியிருக்கிறது. மீன்தானா, சிப்பியா, நத்தையா என்று இன்னும் வாக்குவாதம். ஒரு பூரணையன்று, 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் அடியால் போனேன். மெதுவாகத்தான். ஆனால் நாலு சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பாட்டுக் கேட்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் தோணியில் துடுப்பும் காதுமாக இருந்தார்கள். நல்லகாலம், சரியாக அந்த இடத்தில் எஞ்சின் நின்றது. தோணியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் படகுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

அப்புறம் 2022. முழு வேகத்தில் என் எஞ்சின் மணிக்கு முப்பது லீற்றர் அளவில் குடிக்கும். ஜூலையில் பெற்றோல் லீற்றர் 450 ரூபாய். ஒரு மணித்தியாலம் ஓட 13,500 ரூபாய், எண்ணெய்க் கலவை தனி. அதுவும் பெற்றோல் கிடைத்தால். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். வீட்டில் மோட்டார்சைக்கிள் ஒன்று இருந்தது. கிழமை முழுவதும் நடந்து திரிந்து, அந்த நாலையும் படகில் ஊற்றினால் எட்டு நிமிசம் பறக்கலாம். நான் இதைப் பெண்சாதியிடம் ஒரு கணக்காகத்தான் சொன்னேன், யோசனையாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மோட்டார்சைக்கிளின் திறப்பு அவள் இடுப்பில். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெயும் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியபோது, கல்லாற்று மெக்கானிக் வந்து என் படகுக்குப் பக்கத்தில் சும்மா குந்தியிருந்தார். அன்றைக்கு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மச்சான் மட்டும் சளைக்கவில்லை. கென் வார்பியைப் பார் என்பார். சிட்னியில் வீட்டு வளவில் வைத்துத் தானே படகு கட்டி, விமானப்படை கழித்துவிட்ட ஜெட் எஞ்சினை அதில் பூட்டி, 1978 ஒக்ரோபர் 8ஆம் திகதி புளோவெரிங் நீர்த்தேக்கத்தில் மணிக்கு 511 கிலோமீற்றர் ஓடிய மனுசன். அந்தச் சாதனையை முறியடிக்கப் போன ஆட்களில் உயிரை விட்டவர்களும் உண்டு. இதைச் சோற்றுக்கு முன்னால் இருந்து உற்சாகமாகச் சொன்னேன்.

“இஞ்சாருங்க, அந்தாள்ட வீட்டுக் கூரை ஒழுகினதா?” என்றாள் பெண்சாதி.

அதைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை.

போன மாதம் பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து ஒருவர் படகைப் பார்க்க வந்தார். மெல்லிய சேர்ட், கறுப்புக் கண்ணாடி. சுற்றிச் சுற்றி நடந்தார், மூக்கைத் தடவினார், பக்கவாட்டில் நின்று படம் எடுத்தார். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினேன்; எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பலகை, பம்பு, கார்புரேற்றர், பற்றவைப்பு என்று செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே நாடாவால் நீளம் அளந்தார். பெண்சாதி தேத்தண்ணியோடு வந்து, நான் யோசித்து வைத்திருந்த விலையைப்போல ஒன்றரை மடங்கு விலையைக் கண் இமைக்காமல் சொன்னாள். அவர் அதற்கும் சம்மதம் போலத்தான் தெரிந்தது. ஆனால் மனுசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாவியில் நின்றவர் கேட்ட கேள்வி, தெருவில் போகிற பொடியன்கூடக் கேட்கிற கேள்வி. பொறுக்கமுடியாமல் நானே சொன்னேன்.

“முப்பத்தஞ்சு நொட் ஓடும்.”

“பரவாயில்ல சேர்” என்றார், நாடாவைச் சுருட்டிக்கொண்டு. “பார் மேசையாத்தானே வெக்கப்போறம். நாலு பக்கமும் சீமெந்து போட்டு இறுக்கிருவம்.”