முதுகுக்குக் காது உண்டு

அண்ணாச்சி பாஸ்வேர்டு அடிக்கும்போது நம்மைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார்.

கூப்பிட்டது அவர்தான். "டிரைவு திறக்க மாட்டேங்குடே, சாப்பாடெல்லாம் இங்க வந்து பாத்துக்கிடலாம், வெரசா வா" என்று போனில் விரட்டியதும் அவர்தான். ஏரலிலிருந்து வேகாத வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு கொற்கைக்கு வந்து, பட்டாசலில் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டால், "செத்த அங்கிட்டுத் திரும்பிக்கடே" என்பார். திரும்பினால் மட்டும் போதாது. பீரோக் கண்ணாடியில் கீபோர்டு தெரியுமாம், இன்னும் ரெண்டடி தள்ளி நிற்க வேண்டும். செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட வேண்டும், அதில் கேமரா இருக்கிறதல்லவா. அந்தச் சுவரில் தொங்கும் உரக்கடைக் காலண்டரில் எந்த மாதம் எத்தனை முகூர்த்தம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அண்ணாச்சி அடிப்பது ஒற்றை விரலால். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். "பெரிய கே... சின்ன ஏ... வி எங்க போய்த் தொலைஞ்சு?" பேத்தி பேர், அவள் பிறந்த வருடம், கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. தார்சாவில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக்கூட இந்நேரம் பாடமாகியிருக்கும். முதுகுக்குக் கண் கிடையாது என்று கணக்குப் போட்ட மனிதர், காது உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சங்கடம் அதற்கப்புறம்தான். பாஸ்வேர்டு தவறு என்று வரும். மறுபடி அடிப்பார், மறுபடி தவறு. பெரிய கே போடுவதற்குக் கேப்ஸ் லாக்கைத் தட்டுவார், தட்டியதை அணைக்க மாட்டார். மிச்ச எழுத்தெல்லாம் பெரிதாகவே விழுந்துகொண்டிருக்கும். கலெக்டருக்கு மனு தட்டிய மறுநாள் என்றால் கீபோர்டு தமிழிலேயே நிற்கும். இதை நான் எப்படிச் சொல்ல? "ரெண்டாவது எழுத்து சின்ன ஏ தானே அண்ணாச்சி" என்றால், உனக்கெப்படித் தெரியும் என்று வரும். திரும்பிப் பார்த்தாலோ, பத்து வருடப் பழக்கம் அன்றோடு சரி. ஆகவே காலண்டரைப் பார்த்தபடியே, ஊர்ப் பொதுவில் சொல்வதுபோல, "சில பேருக்கு கேப்ஸ் லாக்கு எரிஞ்சுகிட்டே கெடக்கும்" என்பேன்.

"நமக்கு அதெல்லாம் இல்லடே. கேபிளுதான் கோளாறு."

கேபிளுக்கும் சில நாள் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சில பெட்டிகளில் முன்பக்க யூஎஸ்பியில் சொருகினால் கரண்டு பத்தாமல் டிரைவ் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு கிடக்கும். பின்பக்கம் சொருகினால் சாதுவாக ஓடும். ஆனால் கரண்டு பத்தாத டிரைவ் 'பாஸ்வேர்டு தவறு' என்று சொல்லாது, கணக்கிலேயே வராது. தவறு என்று சொல்கிற டிரைவ் உயிரோடு இருக்கிறது. அண்ணாச்சிதான் தப்பாக அடிக்கிறார். இதை அவரிடம் சொல்லி ஜெயித்தவர் ஏரல் வட்டாரத்தில் யாருமில்லை.

பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு ஒருநாள் மாற்றியும் தொலைத்தார். புதியது மறந்துபோயிற்று. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிரைவுக்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி உண்டு. ஆறாறாக எட்டுத் துண்டு. ஒவ்வொரு துண்டும் 11ஆல் வகுபடும், அதனால் ஓர் இலக்கம் பிசகினாலும் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. பூட்டப்போகும் டிரைவுக்குள்ளேயே அதன் சாவியைச் சேமிக்கப் போனால் விண்டோஸே விடாது. அண்ணாச்சி அதையும் ஜெயித்தவர். சாவியைப் பேப்பரில் பிரின்ட் எடுத்தார். பேப்பர் தொலைந்துவிடக் கூடாதென்று ஸ்கேன் செய்தார். ஸ்கேனைப் பத்திரமான இடத்தில் வைத்தார், அதாவது அதே டிரைவில். பிறகு பேப்பர் எவன் கையிலாவது மாட்டிவிடுமே என்று கிழித்துப் போட்டார்.

அன்று பீரோவைக் கவிழ்த்ததில் 48 இலக்கத் தாள் ஒன்று கிடைக்கத்தான் செய்தது. அதன் அடையாள எண் ஒத்துவரவில்லை, செத்துப்போன பழைய டிரைவுடையது. கெட்டுப்போன டிரைவை மீட்க மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பழுதுபார்க்கும் கருவிக்கும் முதலில் சாவியோ பாஸ்வேர்டோ வேண்டும். கடைசியில் மதினிதான் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் அவர் புதுப் பாஸ்வேர்டைப் பென்சிலால் கிறுக்கியிருந்ததைக் கண்டுபிடித்தாள். அதை அடிக்கும்போதும் நான் காலண்டரைத்தான் பார்த்தேன்.

சான்பிரான்சிஸ்கோவில் ஒரு புரோகிராமர் 7,002 பிட்காயினின் சாவியை இப்படி ஒரு டிரைவில் பூட்டிவிட்டுப் பாஸ்வேர்டைத் தொலைத்தார். பத்து தடவை தப்பாக அடித்தால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் சாதனம். 2021இல் செய்தி வந்தபோது எட்டு வாய்ப்பு போய் இரண்டுதான் மிச்சம். அவர் தலையில் கைவைத்தால் அர்த்தம் இருக்கிறது. அண்ணாச்சி டிரைவில் இருப்பது ஈபி பில், வீட்டு வரி ரசீது, கோயில் கொடை வீடியோ, யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து. இந்த ஊரில் வயலைத் தோண்டினால் தமிழ்-பிராமி கீறிய பானை ஓடு கிடைக்கிறது. எழுதியவன் பூட்டவில்லை, இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். அண்ணாச்சியின் 2019 ஈபி பில்லை வாசிக்கச் சில நாள் அண்ணாச்சியாலேயே முடியாது.

ஆனாலும் மனிதரை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது தாமிரபரணி இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து ஆல்பங்களைச் சேற்றில் முக்கிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சி ஒரு நெல் அவிக்கும் அண்டாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒட்டிப்போன போட்டோக்களை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பிளாஸ்டிக்கிலிருந்து பைய உரித்து, தார்சா முழுக்கப் பரப்பி, ஃபேன் காற்றில் உலர்த்தினார். அவசரப்பட்டு இழுத்தால் முகம் தாளோடு வராது, பிளாஸ்டிக்கோடு போய்விடும். அந்த ஒற்றை விரல்காரர் ஒரு முகத்தையும் கிழிக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டுப் படத்தையும் காசு வாங்காமல் ஸ்கேன் செய்தார். என் கல்யாணப் படமும் அதில் உண்டு.

எல்லாம் அந்த டிரைவில்தான் இருக்கிறது. யாருக்கும் நகல் கிடைக்கவில்லை. கேட்டால் "பத்திரமா இருக்குடே" என்பார். பென்டிரைவைக் கொண்டுபோனால் வைரஸ் வந்துருமாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எவன் கையிலேயும் போய்ச் சேர்ந்துருமாம். ஈபி பில் உங்களுடையது அண்ணாச்சி, சாகும்வரை பூட்டி வையுங்கள். போட்டோ எங்களுடையது. எடுத்துக் கொடுக்க ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகாது. வெள்ளம் கொண்டுபோயிருந்தால் வெள்ளத்தைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்போம்.

பக்கத்து வீட்டு ஆச்சி, தாத்தாவின் திதிக்கு மாலை போட ஒரு படம் கேட்டாள். தாத்தாவுக்கு இருந்ததே அந்த ஒரு படம்தான். அமாவாசை கழியட்டும், டிரைவைத் திறந்து தாரேன் என்றார். திதியும் போயிற்று. இப்போது ஆச்சி அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, செத்துப்போன எம் புருசன எவலே களவாங்கப் போறா, அவன் இந்தப் பூட்டு பூட்டி வச்சிருக்கான்?"