வைஷ்ணவ தேவிக்குப் பத்து லட்சம், ஃபைல் சார்ஜ் தனி

யூட்யூபின் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏழை என்று யாரும் கிடையாது. எல்லார் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் லட்சங்கள் தூங்குகின்றன, எழுப்பத்தான் ஆள் இல்லை. வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசு இருந்தால் 10 லட்சம். 786 என்று முடியும் நோட்டு இருந்தால் 3 லட்சம். காண்டாமிருகம் போட்ட 25 பைசா இருந்தால் ஒன்றரை லட்சம். அம்மன் பக்தருக்கும் பங்கு உண்டு, அல்லாவைத் தொழுகிறவருக்கும் பங்கு உண்டு, எதையும் நம்பாதவருக்குக் காண்டாமிருகம் உண்டு. இவ்வளவு மதநல்லிணக்கத்தோடு நடக்கும் தொழில் நாட்டில் வேறில்லை.

அந்தத் தேவி காசின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வைஷ்ணவ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012இல் அரசு வெளியிட்ட காசு அது. டீக்கடைக் கல்லாவில் புரண்டது. கீறல் படாமல் புத்தம்புதுசாக இருந்தால் சேகரிப்பவர் சில பத்து ரூபாய் கூடப் போட்டுத் தருவார். தேய்ந்திருந்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட். ஆயிரம் நோட்டு அடித்தால் அதில் ஒன்று 786இல் முடிந்துதான் தீரும், அச்சு மெஷினுக்கு அதில் பக்தி ஏதும் கிடையாது. 25 பைசாவையோ 2011 ஜூன் மாதத்தோடு அரசே செல்லாது என்று சொல்லிவிட்டது. செல்லாக்காசை ஒன்றரை லட்சத்துக்குச் செல்ல வைக்கும் வித்தை ரிசர்வ் வங்கிக்குத் தெரியாது, வாட்ஸ்அப்பில் இருக்கும் ‘மும்பை பார்ட்டி’க்குத் தெரியும்.

அவர் பேச்சு தேன். “அம்மா, காசோட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா.” அனுப்பியதும், “உங்க காசு செலக்ட் ஆயிடுச்சும்மா, 10 லட்சம் ரெடி. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1,050 ரூபாய் மட்டும் ஜிபே பண்ணிடுங்க.” பண்ணினால் ஃபைல் சார்ஜ். அதையும் கட்டினால் ஜிஎஸ்டி. அதற்கப்புறம், பணம் கொண்டுவரும் வண்டியை டோல்கேட்டில் மடக்கிவிட்டார்களாம், அதை விடுவிக்க ஒரு தொகை. நடுவில் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு சான்றிதழ் வரும். அதில் கவர்னர் கையெழுத்து இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும். “ஏன் தம்பி, அந்த 10 லட்சத்துலேயே இதைக் கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்பக் கூடாதா?” என்று கேட்டுப் பாருங்கள். “அது ஆர்பிஐ ரூல் மேடம்” என்பார். அதுவரை அம்மா, அந்த நிமிஷத்திலிருந்து மேடம்.

அப்படி ஒரு ரூல் கிடையாது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலை எதிலும் தான் இல்லை, யாரிடமும் கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி அறிக்கையே விட்டது. அறிக்கையை நாம் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். மோசடி தானாகவே வீடு தேடி வரும், விளம்பர இடைவேளையோடு. அந்த விளம்பரக் காசு யாருக்குப் போகிறது என்று வீடியோக் கம்பெனியைக் கேட்டால், சமூக விதிமுறைகளைத் தாங்கள் உயிராக மதிப்பதாகப் பதில் வரும்.

இது மேளம் கொட்டித் திருடுகிற கூட்டம். இன்னொரு கூட்டம் இருக்கிறது, சத்தமே போடாது. ‘கலெக்டர்’ என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஆன்லைனில் கடை விரித்திருக்கிறது. அந்தக் கடையின் நிரந்தரச் சரக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் போட்டதாகச் சொல்லும் செம்பு ‘ஒரு அணா’. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கம்பெனி பெயர். கையில் வாங்கிப் பார்த்தால் அனுமாரின் முகம் வெல்லப்பாகில் வார்த்த மாதிரி வழுவழுவென்று இருக்கும். விளிம்பில் அச்சின் இணைப்புக்கோடு ஓடும். இரண்டு காசு வாங்கினால் இரண்டும் ஒரே எடை இருக்காது. இந்தியாவில் ஒரு அணா, நிக்கல் கலந்த வளைவிளிம்புக் காசாக, எட்வர்டு மன்னர் காலத்தில் 1907வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. கம்பெனி அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஆட்சியை இழந்துவிட்டது. ஆனால் விற்பவர் அத்தனை பேரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள்: “எங்க தாத்தா டிரங்குப் பெட்டியில இருந்துச்சு.” எத்தனை டிரங்குப் பெட்டி, எத்தனை பேரன்! இதே தகட்டைத்தான் அரிசியை இழுக்கும் அபூர்வக் காசு என்று ‘ரைஸ் புல்லிங்’ கூட்டம் லட்சங்களுக்குத் தலையில் கட்டுகிறது. அரிசியில் இரும்புத்தூளைத் தடவினால் காந்தம் இழுக்கத்தான் செய்யும். அதற்கு ராமரின் அருள் தேவையில்லை.

அசல் காசு கையில் இருந்தாலும் இவர்களுக்குப் பொய் இல்லாமல் விற்க வராது. நூறு வருஷம் காற்றுபட்டுக் கறுத்த செம்புக் காசைப் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று போட்டோ எடுத்து, ‘யூஎன்சி’ என்று தலைப்புப் போடுகிறார்கள். புழக்கத்துக்கே போகாத காசுக்கு உரிய பட்டம் அது. தோலை உரித்துவிட்டுப் பிறந்த குழந்தை என்கிறார்கள். ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் வருஷ வெள்ளி ரூபாய் அபூர்வம் என்பதால், 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிறார்கள். சுத்தியலால் அடிபட்ட காசு ‘மின்ட் எரர்’ ஆகிவிடுகிறது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னர் அங்கியில் இருந்த யானை, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறதென்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே யானைக்குத் துதிக்கை நீட்டித் திருத்தினார்கள். ஒரு சாம்ராஜ்யம் துதிக்கைக்குப் பயந்த கதை இது, பொய்யே கலக்காமல் விற்கலாம். இவர்களோ திருத்திய பிறகு வந்த ரூபாயையும் மங்கலாகப் படம் பிடித்து, ‘பன்றி ரூபாய், ஒரே பீஸ்’ என்கிறார்கள்.

கேள்வி கேட்டால் அப்போதுதான் பணிவு பிறக்கிறது. “நான் எக்ஸ்பர்ட் இல்ல சார், போட்டோ பாத்து நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நோ ரிட்டர்ன்.” விலை போடும்போது இருந்த நிபுணத்துவம் இப்போது எங்கே போனது? வாங்கும் நேரத்தில், கிராமத்துக் கிழவியிடம் இருக்கும் 1939ஐ நூறு அடி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, பழைய வெள்ளி விலைக்கு அமுக்கத் தெரிகிறது. விற்கும் நேரத்தில் மட்டும் கண் மறைத்துவிடுகிறது. இதை அறியாமை என்று சொன்னால் அறியாதவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இதில் நாட்டுக்கு விழும் அடி வேறு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் கூடாது, தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மண்ணில் கிடைத்த புதையலை மாவட்டக் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ராஜராஜன் செப்புக்காசுக்குக் கீழே ‘வேர்ல்டுவைட் ஷிப்பிங்’ என்று தைரியமாகப் போடுகிறார்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் எடுத்த காசு எந்த ஊரில் கிடைத்தது என்பது விற்றவனோடு போய்விடுகிறது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சீசர் முகத்தில் உளிவெட்டு. இனிப் புழங்கக் கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த வெட்டுதான் அதன் சரித்திரம். இன்று கிடைத்திருந்தால், வெட்டை அடைத்து, பாலிஷ் போட்டு, 501 பேருக்குக் கூரியர் அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ‘தாத்தா பெட்டியில் இருந்தது’.

“பேராசை பெருநஷ்டம், ஏமாந்தவன் மேலதான் தப்பு” என்று சொல்லும் நல்லவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. மகள் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று திகைத்து, பெட்டியின் அடியில் இருந்த காசைப் படமெடுத்து அனுப்பியவளுக்குப் பேர் பேராசைக்காரி. அவளுடைய கம்மலை அடகுக்கு அனுப்பிவிட்டு நம்பரை பிளாக் பண்ணியவனுக்குப் பேர் என்ன? தொழில்முனைவோரா?

நேர்மையான காசு வியாபாரிகளும் இருக்கிறார்கள். உங்கள் பொக்கிஷத்தைத் திருப்பிப் பார்த்து, “இது அம்பது ரூபா பெறும் சார், வச்சுக்குங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு யூட்யூபில் கூட்டம் சேராது. கண்டுபிடிப்பது சுலபம். எடை எவ்வளவு, உலோகம் என்ன, துலக்கியதா, போலி என்று தெரிந்தால் பணம் திரும்ப வருமா, நாலையும் பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். பழைய வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம் என்று எழுதக் கை நடுங்காதவரிடம் வாங்குங்கள். எழுத மறுத்து, ஜிபே நம்பரை மட்டும் அனுப்புகிறவருக்கு 1930ஐக் காட்டுங்கள். அது காசில் பொறித்த வருஷம் இல்லை, சைபர் குற்றப் புகார் எண்.