கூடுவிட்டுக் கூடு பாயும் எஞ்சின்

கேள்வி: நெல் மூட்டை ஏற்றும் என் பிக்கப் வண்டியின் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கிப் பொருத்தலாமா?
– ஒரு வாசகர், வேங்கிக்கால்.

பதில்: அருணகிரிநாதர் தம் தேகத்தை விட்டுக் கிளியின் உடலில் புகுந்தார் என்னும் ஐதிகத்தைக் கிளி கோபுரம் நித்தியமும் நினைவூட்டும் திருத்தலத்தின் வாசலில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், தாராளமாகப் பொருத்தலாம். அங்கே பழைய உயிருக்குப் புதிய உடல் வாய்த்தது. இங்கே பழைய உடலுக்குப் புதிய உயிர்! ஆனால் அந்த உயிர் அதே மாடல் வண்டியின் எஞ்சினாக இருத்தல் உத்தமம். அன்றேல் மவுண்டும் கியர்பாக்ஸும் வயரிங்கும் பரஸ்பர விரோதம் பாராட்டும். காமன் ரெயில் டீசலாயின், அதற்குரிய இசியுவும் சென்சார்களும் உடன் வருவதே நலம்.

திருட்டு எஞ்சின் தலையில் விழாதிருக்க, எஞ்சின் நம்பர் குறித்த பில்லையும் மூல வண்டியின் பத்திர நகலையும் விற்பவரிடம் வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுவது விவேகம். அனுமதியின்றி மாற்றியிருப்பின், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் புதிய நம்பரைப் பதியவேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

முதன்முறை ஸ்டார்ட் செய்ததும், ஆயில் விளக்கு அணைவதைக் கண்ணாரக் கண்ட பின்னரே ஆக்ஸிலேட்டரில் கால் வையுங்கள்.