சுத்தமான கரண்டு

உடன்குடியில் கலப்படம் என்றால் கருப்பட்டியில் சீனி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்குக்கே அந்தக் கதி. கரண்டிலும் கலப்படம் என்பது புதுச் செய்தி. லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஆடியோ கருவிகள் விற்பவர்கள் சொல்கிறார்கள்: சுவரில் வரும் மின்சாரம் 'அழுக்கு'. பவர் கண்டிஷனர் பெட்டியும் மலைப்பாம்பு மொத்தத்தில் ஒரு வயரும் வாங்கினால், வீணைக்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்குமாம்.

பக்கத்துக் கல்லாமொழியில் அனல்மின் திட்டம். 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. நிலக்கரி, கொதிகலன், டர்பைன், 400 கிலோவோல்ட் கோபுரங்கள், உப்புக்காற்றில் ஆடும் அலுமினியக் கம்பி, தெருமுனை டிரான்ஸ்பார்மர், அதன்மேல் காக்கா. இத்தனையும் தாண்டி அழுக்காய் வந்த கரண்டுக்குக் கடைசி ஒன்றரை மீட்டரில் பாவவிமோசனம்!

ஆம்ப்ளிபயரோ முதல் வேலையாக அந்த 230 வோல்ட்டைக் குறைத்து, டயோடில் நேர்மின்சாரமாக்கி, கெபாசிட்டரில் சமன் செய்துவிடும். அது ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் பெட்டிக்கு வேலையே மிச்சமில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசருக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அதைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை.

ஜப்பானில் சிலர் பாட்டுக் கேட்பதற்கென்றே சொந்த மின்கம்பம் நட்டிருக்கிறார்கள். இங்கே நட்டால் விடிவதற்குள் கட்சிக்கொடி ஏறிவிடும்.