தரிசில் குடியிருக்கும் ஓநாய்

அனுப்புநர்: ஒரு ரப்பர் தோட்டக்காரன், அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: நில வளத் துறை, ஊரக வளர்ச்சி அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: தாங்கள் அறியாமலே செய்த வனவிலங்குச் சேவைக்குப் பாராட்டு.

ஐயா,

2019-இல் தாங்கள் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பைப் பார்த்தேன். ஏறக்குறைய 5.58 கோடி ஹெக்டேர் தரிசாம். நாட்டில் ஆறில் ஒரு பங்கு. இவ்வளவு இடம் சும்மா கிடப்பதை அறிந்து மலைத்துப்போனேன்.

அந்தத் தரிசில் குடியிருக்கும் ஓநாய் எங்கள் பக்கம் கிடையாது. விடியுமுன்னே பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பயமெல்லாம் பாம்பும் அட்டையும்தான். ஆனால் எங்களுக்கு வேறொரு பெருமை உண்டு. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் ரப்பர் தோட்டமும் காடு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதில் பத்தில் ஒரு பங்காவது மரத்தலை மூடியிருந்தால் போதும். யார் நட்டது, என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை. வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்து விற்கிற நாங்கள் வனவாசிகள். ஓநாய் புறம்போக்கில் குடியேறிய ஆள்.

பாவம், அதைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் படும் பாடு! கண்ணில் பட்ட இடம், எச்சம் கிடந்த இடம், கிடையில் ஆடு பிடித்த இடம் என்று புள்ளி புள்ளியாகச் சேர்க்கிறார்கள். மழை, வெயில், புல், ஊர் நெருக்கம் எல்லாவற்றையும் கணினியில் போட்டு, யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் அது இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறார்கள். அடர்ந்த காட்டைக் கணினி கழித்துவிடுகிறது. குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று வறண்ட புல்வெளியையும் முட்புதரையும் காட்டுகிறது. 2022-இல் வந்த மதிப்பீட்டில் தீபகற்ப ஓநாய்கள் சுமார் 3,100. அதே ஆண்டுக் கணக்கில் புலி 3,682. புலிக்கு ஐம்பதுக்கு மேல் காப்பகம். ஓநாய்க்கென்று 1976-இல் இன்றைய ஜார்க்கண்டின் மகுவாடாண்டில் ஒரு சரணாலயம். மிச்ச ஓநாய்களில் பெரும்பாலானவை ஆட்டிடையர்களின் தயவில் வாழ்கின்றன.

இத்தனை சிரமம் எதற்கு? கணினி காட்டும் இடங்களில் பலவற்றைத் தாங்கள் முன்பே ‘புதர் நிலம்’ என்று நிறம் தீட்டி வைத்திருக்கிறீர்களே! அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஒருவர் சோலார் பலகை நடுகிறார்; இன்னொருவர் புண்ணியத்துக்கு மரம் நடுகிறார். மரம் வளர்ந்தால் அது காடு, ஓநாய்க்கு ஆகாது. மழை மட்டும் பெய்திருந்தால் அங்கேயும் ரப்பர் நட்டுக் காடாக்கித் தந்திருப்போம். நாங்கள் தயங்குகிற ஆட்கள் அல்ல.

ஒரே விண்ணப்பம். அடுத்த பதிப்பின் அட்டையில் ‘ஓநாய் முகவரிக் கையேடு’ என்று அச்சடித்து வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள். பனி மூடிய பக்கங்களை மட்டும் கிழித்துக்கொள்ளலாம். அங்கே இருப்பது வேறு ஓநாய். பழைய அட்டைப் பிரதி மிச்சமிருந்தால் சோலார் கம்பெனிக்காரர்கள் கேட்டு வருவார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டேராடூன் கணக்குப்படி ஒரு வனவாசி