தொரட்டி நுனியில் ஒரு தேங்காய்

ஏலே பேராண்டி, தொரட்டி நுனியில கேமராவும் கூடையும் கட்டியிருக்கியாமே? செல்போன்ல பாத்துக்கிட்டே முருங்கைக்காய் பறிப்பியாம், அது தானா கூடையில விழுமாம். பேஷ்! உன்னய மாதிரி மூளைக்காரங்க அமெரிக்காவுலயும் இருந்திருக்காங்க. உக்காரு, சொல்றேன். அந்த வெத்தலைச் செல்லத்தை இங்கிட்டுத் தள்ளு.

பிரன்ஸ்விக்னு ஒரு கம்பெனி. 1845-ல பில்லியர்ட்ஸ் மேசை செய்ய ஆரம்பிச்சது, பொறவு பவுலிங் பந்துக்குப் பேர்போனது. பந்து செய்யறவன்ட்ட குண்டு கேட்டா என்ன செய்வான்? பந்துதான் செஞ்சான். உரிச்ச பெரிய தேங்காய் கணக்கா, குறுக்களவு 14 சென்டிமீட்டர். எம்-16 துப்பாக்கி முனைக்குக் கீழ அதைத் தொங்கவிட்டு, 1980-கள்ல பட்டாளத்துக்குக் காட்டுனாங்க. 'ரைபிள்மேன்ஸ் அசால்ட் வெப்பன்'னு பேரு, சுருக்கமா 'ரா'. இங்கிலீசுல 'ரா'ன்னா வேகாததுன்னும் அர்த்தமாம்ல? பேரு வச்சவன் விவரமானவன்.

வேலைப்பாட்டுல நொட்டை சொல்ல மாட்டேன். வழக்கம்போல ஒரு தோட்டா சுடணும். குழல்ல வர்ற வாயுவுல கொஞ்சம் திரும்பிப் போயி, உருண்டைக்குப் பின்னால உள்ள ராக்கெட்டைப் பத்த வைக்கும். பம்பரமாச் சுத்திக்கிட்டே கெளம்பும். வீசுன கல்லு வளைஞ்சு விழும்லா, இது விழாது. ராக்கெட்டு லேசா மேல பாக்கச் சாஞ்சிருக்கிறதால 200 மீட்டர் வரைக்கும் நூல் பிடிச்சாப்புல போகும். போயி மோதுனதும், உங்க ஆச்சி செவத்துல வறட்டி தட்டுவாள்ல, அப்படி 1 கிலோ வெடிமருந்து சப்புன்னு அப்பி, அப்புறம்தான் வெடிக்கும். இந்த வறட்டி வித்தை ரெண்டாம் உலகப் போர்லயே பர்னிங்கிற வெள்ளைக்காரர் கண்டுபிடிச்சது. ஒரு சாண் கனத்துக் கம்பி கட்டின கான்கிரீட்டுல ஒரு அடிக்கு மேல ஓட்டை! ஆள் நுழையறது கஷ்டம். ஆடு நுழையும்.

கனம் எம்புட்டுன்னு கேளு. கிட்டத்தட்ட 4 கிலோ. துப்பாக்கியே 3 கிலோ சொச்சந்தாம்லே! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதுவும் ஒரே ஒரு வெடிக்கு.

நானும் பட்டாளத்துல எஸ்.எல்.ஆர். துப்பாக்கி தூக்கினவன்தான். ஒருக்க ரோந்து போகையில ஈரத்துண்டைக் குழல் முனையில காயப்போட்டேன். ஒரு மைல் தாண்டலை, முழங்கை தடதடன்னு ஆடிப்போச்சு. சுபேதார்ட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனி. வெறும் துண்டுக்கே அந்தப் பாடு.

1990-கள்ல மரைன் படைக்காரங்க கொஞ்சம் எடுத்துப் பாத்தாங்க. செவத்தை உடைக்க அவங்ககிட்ட 1984-லயே 'ஸ்மா'ன்னு தோள்ல வச்சுச் சுடுற குழாய் வந்தாச்சு. தோள்ல ஏத்துன கனம் வேற, முனையில தொங்குற கனம் வேற. காவடி எடுத்தவனைக் கேளு, சொல்லுவான். உருண்டை அதோட சரி. கம்பெனிக்காரன் கெட்டிக்காரன், படகு யாவாரத்துல பொழைச்சுக்கிட்டான். 2015-ல பவுலிங் பந்து யாவாரத்தையும் வித்துட்டான்.

எங்க, உன் தொரட்டியைக் கொண்டா பாப்போம். அடேயப்பா! இந்தா, நீயே பிடி. கையை நல்லா நீட்டிப் பிடிலே. நான் வெத்தலை போட்டு முடிக்கிற வரைக்கும் இறக்கப்படாது.